குற்றாலத்துப் பக்கம் வீடு வாங்கி நாள் வாடகைக்கு விட நினைப்பவர்களுக்கு

ஜூன் கடைசியில் தென்காசிக்கு வந்து, சாரலில் நனைந்து, பிரானூர் பார்டரில் பரோட்டா தின்றுவிட்டு ஊர் திரும்புகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரு யோசனை வரும். இங்கே ஒரு வீடு வாங்கிப் போட்டால் என்ன? நாமும் வந்து தங்கலாம், மற்ற நாட்களில் வாடகைக்கும் விடலாம், கடன் தானாக அடைந்துவிடும். முதல் இரண்டும் நடக்கும். மூன்றாவதைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

முதலில் கணக்கு

குற்றாலத்தில் சீசன் என்பது தென்மேற்குப் பருவமழைக் காலம். ஜூனில் தொடங்கி ஆகஸ்ட் வரை, நல்ல வருடமானால் செப்டம்பர் வரை இழுக்கும். அப்புறம் கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகிறவர்கள் அருவியில் குளித்துவிட்டுச் செல்வார்கள். அது இன்னொரு சிறிய சீசன். பிப்ரவரி முதல் மே வரை பாறைதான் தெரியும். இதை மனதில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

கீழே உள்ளவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் வீட்டுக்கான எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டின் விலை 60 லட்சம். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 5.4 லட்சம். 30 முதல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் தர முடியும், எனவே கடன் 48 லட்சம். 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய 41,700 ரூபாய். கையிலிருந்து போடுவது 12 லட்சம், பதிவுச் செலவு, கட்டில் மெத்தை வகையறா.

வரவு: முழு வீடும் ஓர் இரவுக்கு 5,000 என்று வைப்போம். சீசன் மூன்று மாதத்தில் 45 இரவு, சபரிமலைக் காலத்தில் 16 இரவு, மீதி ஏழு மாதத்தில் மாதம் நாலு இரவு. மொத்தம் 89 இரவு, 4,45,000 ரூபாய். புக்கிங் ஆப்புகளுக்குக் கமிஷன் 15 சதவீதம், வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 10,000, கரண்ட், துணி வெளுப்பு, சில்லறை ரிப்பேர் எல்லாம் சேர்த்து வருடம் ஒரு லட்சம். மிஞ்சுவது 1,58,000 சொச்சம். தவணை வருடத்துக்கு 5 லட்சம்.

ஆக, கடன் தானாக அடையாது. வருடம் மூன்றரை லட்சம் வரை உங்கள் சம்பளத்திலிருந்து போட வேண்டியிருக்கும். அது முடியும், வீடும் பிடித்திருக்கிறது என்றால் வாங்குங்கள். கடன் குறைவாக வாங்குகிறவருக்கும், இங்கேயே அப்பா அம்மாவின் பழைய வீடு கிடக்கிறவருக்கும் கணக்கு வேறு மாதிரி வரும். சீசனில் ஒரு சனிக்கிழமை வாடகையைக் கேட்டுவிட்டு அதை 365-ஆல் பெருக்குகிறவர்களிடம் புரோக்கர்களுக்கு ரொம்பப் பிரியம்.

எந்த இடம்

அருவிக்குப் பக்கம் என்று குற்றாலத்துக்குள்ளேயே தேடாதீர்கள். அங்கே விலையும் அதிகம், கோயில் நிலத்துச் சிக்கலும் அதிகம், சீசனில் வண்டியை எடுக்கவே முடியாது. காசிமேஜர்புரம், இலஞ்சி, மேலகரம், வல்லம், பழைய குற்றாலத்துக்குப் போகும் ஆயிரப்பேரி என்று சுற்றிலும் ஊர்கள் இருக்கின்றன. என் கணக்கில் தென்காசி, இலஞ்சி வட்டாரம்தான் புதியவர்களுக்குச் சரி. ரயில் நிலையம், ஆஸ்பத்திரி, கடை எல்லாம் பக்கம். சீசன் முடிந்த பிறகும் கல்யாணம், கோயில் கொடை, அலுவலக வேலை என்று யாராவது தங்க வருவார்கள். மலையடிவாரத் தோப்பு வீட்டுக்கு அவர்கள் வர மாட்டார்கள்.

மேக்கரை, குண்டாறு பக்கம் தோப்போடு வீடு விலைக்கு வந்தால் இரண்டு விஷயம் விசாரியுங்கள். யானை இறங்கும் பாதையா என்று பக்கத்துத் தோட்டக்காரரிடம் கேளுங்கள். விற்கிறவரிடம் கேட்டுப் பயனில்லை. இரண்டாவது, ‘எங்கள் இடத்திலேயே தனி அருவி இருக்கிறது’ என்று சொன்னால் உஷாராகுங்கள். ஓடைத் தண்ணீரைத் திருப்பிச் செயற்கை அருவி வைத்திருக்கும் ரிசார்ட்டுகள் மீது நடவடிக்கை எடுக்க 2022-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அந்த அருவிக்காக நீங்கள் கூடுதல் விலை கொடுத்தால் அந்தப் பணம் போனதுதான்.

வீட்டைப் பார்க்கும் காலம்

ஒரே வீட்டை இரண்டு தடவை பாருங்கள்: ஆடியில் ஒரு தடவை, மாசி பங்குனியில் ஒரு தடவை.

ஆடியில் பார்த்தால் ஒழுகல் தெரியும். வெள்ளை அடித்து மறைத்த சுவரிலும் பூசணம் எட்டிப் பார்க்கும். மேற்குப் பக்கச் சுவரைக் கையால் தொட்டுப் பாருங்கள், ஈரம் முதலில் அங்கேதான் ஏறும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று சாதாரணக் காற்றல்ல. மொட்டை மாடியில் தகர ஷீட் போட்டிருந்தால் அது எப்படி முடுக்கப்பட்டிருக்கிறது என்று ஏறிப் பாருங்கள். பழைய ஓட்டு வீடென்றால் ஓட்டைவிட அடியில் உள்ள சட்டங்களைத்தான் பார்க்க வேண்டும். தெரு எவ்வளவு அகலம் என்பதையும் அப்போதே கவனியுங்கள். இங்கே தங்க வருகிறவர்கள் பெரும்பாலும் வேனில் வரும் குடும்பங்கள். வேன் நுழையாத சந்தில் வீடு இருந்தால் பாதி வாடிக்கை போய்விடும்.

பங்குனியில் பார்க்க வேண்டியது கிணறு. அருவி ஊர் என்று பெயர்தான், கோடையில் போர் வற்றுகிற தெருக்கள் இங்கேயும் உண்டு. பத்துப் பேர் குளித்தால் தொட்டி எத்தனை மணி நேரத்தில் நிறைகிறது என்று மோட்டாரைப் போட்டே பார்த்துவிடுங்கள். கழிவுத் தொட்டி எங்கே இருக்கிறது, கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஆடியில் பத்திரம் பதிய நம் ஆட்கள் தயங்குவது தெரிந்ததே. அதை உங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்ளுங்கள். ஆடியில் பார்த்து, குறைகளைக் காட்டி விலை பேசி, காகிதங்களை வாங்கி வக்கீலிடம் கொடுங்கள். அவசரப்படுத்தினால், ‘ஆவணி பிறக்கட்டும்’ என்று சொல்ல உங்களுக்கும் ஒரு சாக்கு இருக்கிறது.

பத்திரம்: தமிழ்நாட்டுப் பக்கம்

பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று, அதாவது அந்தச் சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமான விவரம், 1975 முதல் எடுக்கலாம். அதற்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். பட்டா, சிட்டா, அ-பதிவேடு (கிராமத்தின் நிலக் கணக்கு), புல வரைபடம் நான்கையும் எடுத்து, விற்பவர் பெயரும் சர்வே எண்ணும் பரப்பும் மூலப் பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பட்டாவில் ஹெக்டேர், ஏர் கணக்கு இருக்கும்; பத்திரத்தில் சென்ட் இருக்கும். ஒரு ஏர் என்பது 2.47 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. வித்தியாசம் வந்தால் சர்வேயரை வைத்து அளக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

செங்கோட்டைப் பக்கம் வாங்குகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. செங்கோட்டை முன்பு திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர். அதனால் பழைய மூலப் பத்திரங்களில் தேதி கொல்லம் ஆண்டில் இருக்கலாம். 825-ஐக் கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு வந்துவிடும்: கொல்லம் 1120 என்றால் 1944-45. சில பத்திரங்கள் மலையாளத்திலும் இருக்கும். இரண்டு மொழியும் படிக்கிற பழைய பத்திர எழுத்தர் ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள். சென்னை வக்கீல் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்த இடத்தில் உள்ளூர்க்காரர்தான் உதவுவார்.

குற்றாலத்தைச் சுற்றிக் கோயில் நிலமும் மடத்து நிலமும் நிறைய உண்டு. தலைமுறையாக ஒருவர் வீடு கட்டி வாழ்ந்துகொண்டிருப்பார், வீட்டு வரி ரசீதும் அவர் பெயரில் இருக்கும். ஆனால் மண் கோயிலுடையது. அப்படிப்பட்ட நிலத்தைச் சார்பதிவாளர் பதிய மாட்டார். ‘பதிவெல்லாம் வேண்டாம், பவர் எழுதிக் கொடுக்கிறேன்’ என்று பேச்சு திரும்பினால் எழுந்து வந்துவிடுங்கள். பொது அதிகாரப் பத்திரத்தால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது.

பூர்வீக வீடென்றால் எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் வேண்டும், கல்யாணமாகிப் போன அக்கா தங்கைகள் உட்பட. 2005 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. ‘அவர்களுக்கு அப்போதே சீர் செய்துவிட்டோம்’ என்பது பத்திரத்தில் நிற்காது.

மலையடிவாரக் கிராமம் என்றால் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் அது இருக்கிறதா என்று நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேளுங்கள். இருந்தால் புதிதாகக் கட்டவும் மாடி எழுப்பவும் தனி அனுமதி தேவைப்படும். ஏற்கெனவே கட்டியிருக்கும் வீட்டுக்கு அனுமதி வரைபடம் இருக்கிறதா என்பதும் இதோடு சேர்ந்த கேள்விதான். வரைபடத்தில் ஒரு மாடி, தரையில் இரண்டு மாடி என்றால் வங்கியும் தயங்கும்.

கோட்டைவாசலுக்கு அந்தப் பக்கம்

புளியரை சோதனைச்சாவடி தாண்டி, எஸ் வளைவு ஏறினால் கேரள எல்லையான கோட்டைவாசல். அதற்கப்பால் ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை. பதிமூன்று கண் பாலமும் பாலருவியும் இருக்கிற பாதை. பேச்சும் பாதித் தமிழ்தான். ஆனால் சட்டம் முழுக்க வேறு.

கேரளத்தில் முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வில்லேஜ் ஆபீஸில் நடப்பு ஆண்டு நிலவரி ரசீது, கைவசச் சான்று (நிலம் அவர் அனுபவத்தில் இருப்பதற்கான சான்று) இரண்டையும் விற்பவர் பெயரில் பாருங்கள். பதிவு முடிந்ததும் போக்குவரவு, அதாவது நிலவரிக் கணக்கில் பெயர் மாற்றம், செய்து உங்கள் பெயருக்கு வரி கட்டினால்தான் வேலை முடிந்தது. ரசீதில் நிலத்தின் வகையைக் கட்டாயம் கவனியுங்கள். அங்கே ‘நிலம்’ என்று எழுதியிருந்தால் அது வயல். வீடு கட்டத் தகுந்தது ‘புரயிடம்’. 2008-ல் வந்த நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டப்படி வயல்களுக்கு டேட்டா பேங்க் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் அந்த சர்வே எண் இருந்தால் வாங்கிப் பயனில்லை.

எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்கிறார்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். தோட்டங்களுக்கு நில உச்சவரம்பிலிருந்து விலக்குக் கிடைத்தது அவை தோட்டமாகவே இருக்கும் என்ற அடிப்படையில்தான். அதில் காட்டேஜ் கட்டினால் வில்லங்கம் பின்னாலேயே வரும். தென்மலைப் பக்கம் செந்துருணி வனவிலங்குச் சரணாலயமும் இருக்கிறது. எல்லையிலிருந்து இடம் எவ்வளவு தூரம் என்று வனத்துறையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கம்பம், தேனிப் பக்கத்துக்காரர்கள் குமுளி, வண்டிப்பெரியாறு, மூணாறு என்று பார்ப்பார்கள். இடுக்கியில் முதல் கேள்வி, இது எந்தப் பட்டயம் (அரசு நிலம் கொடுத்ததற்கான ஆவணம்)? 1964 நிலப் பதிவு விதிகளின்படி கொடுத்த பட்டயம் விவசாயத்துக்கும் குடியிருப்புக்கும்தான். அதில் எழுந்த லாட்ஜ், ரிசார்ட் எல்லாம் விதிமீறல் என்று வருடக்கணக்காக வழக்கு நடந்தது. 2023-ல் சட்டசபை ஒரு திருத்தச் சட்டம் நிறைவேற்றியது. விதிமீறலை முறைப்படுத்த அது வழி செய்கிறது. எனவே, ‘இப்போது எல்லாம் சரியாகிவிட்டது’ என்று விற்பவர் சொன்னால், அந்தக் கட்டடத்துக்கான முறைப்படுத்தல் உத்தரவைக் காட்டச் சொல்லுங்கள். காகிதம் இல்லையென்றால் அந்த வேலை இனி உங்கள் தலையில். மூணாறு வட்டாரத்தில் புதிதாகக் கட்ட வருவாய்த் துறையின் தடையில்லாச் சான்றும் வேண்டும்.

கேரளத்தில் விற்கிறவர் வளைகுடாவில் இருப்பது சகஜம். வெளிநாடுவாழ் இந்தியரிடம் வாங்கினால், விலையிலிருந்து நீங்கள் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டிய வரி மிகவும் அதிகம். உள்ளூர்க்காரரிடம் வாங்கினால் விலை 50 லட்சத்தைத் தொட்டாலே 1 சதவீதம். பிடிக்காமல் விட்டால் அபராதம் வாங்கியவருக்குத்தான் வரும். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பணத்தை அனுப்பாதீர்கள்.

முதல் முறை வாங்குகிறவர் மொழியும் சட்டமும் தெரிந்த பக்கத்தில் வாங்குவதே நல்லது என்பது என் கட்சி. இரண்டாவது வீட்டை வேண்டுமானால் மலைக்கு மேலே வாங்கிக்கொள்ளலாம்.

அனுமதிகள்

எல்லாரும் ஹோம்ஸ்டே என்று போர்டு வைக்கிறார்கள். சுற்றுலாத் துறை அங்கீகரிக்கும் ஹோம்ஸ்டே என்றால் உரிமையாளர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும், அறைகள் ஆறுக்கு மேல் போகக் கூடாது. மத்திய அரசின் திட்டத்தில் தங்கம், வெள்ளி என்றும், கேரளத்தில் வைரம், தங்கம், வெள்ளி என்றும் தரம் பிரிக்கிறார்கள். நீங்கள் சென்னையில் இருந்துகொண்டு வீட்டை மட்டும் விடுவதாக இருந்தால் இந்தத் திட்டம் உங்களுக்குப் பொருந்தாது. கேரளத்தில் அதற்கு சர்வீஸ்டு வில்லா என்று தனி வகை உண்டு. தமிழ்நாட்டில் மாவட்டச் சுற்றுலா அலுவலகத்திலும், பேரூராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்திலும் நேரில் போய் எந்தப் பதிவு, எந்த உரிமம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கரண்ட் இணைப்பை மறந்துவிடாதீர்கள். வீட்டு இணைப்பில் இலவச யூனிட்டையும் வாங்கிக்கொண்டு நாள் வாடகைக்கு விட்டால், மின்வாரியத்தார் வந்து பார்க்கும் அன்று பழைய பாக்கியோடு அபராதம் கட்ட நேரும். சாப்பாடு நீங்களே போடுவதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும்.

ஜிஎஸ்டியைப் பற்றிப் புதியவர்கள் அதிகம் பயப்படுகிறார்கள். வருட வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் நீங்கள் பதிய வேண்டியதில்லை. ஆப் வழியாக வரும் புக்கிங்குக்கு அந்த நிறுவனமே வசூலித்துக் கட்டிவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 5 சதவீதம். வருமான வரி தனி. அதை மறைக்க முடியாது, ஆப் வழி வரவு வருடம் 5 லட்சத்தைத் தாண்டினால் ஆப்காரர்கள் உங்கள் பான் எண்ணில் பிடித்தம் செய்துதான் அனுப்புகிறார்கள்.

வருகிறவர்கள் எல்லாருடைய அடையாள அட்டையையும் வாங்கிப் பதிவேட்டில் எழுதுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் விவரம் பதிய வேண்டும். இலங்கைத் தமிழர் குடும்பம் என்றாலும், பாஸ்போர்ட் வெளிநாட்டினுடையது என்றால் இதே விதிதான்.

வீட்டைத் தயார் செய்வது

பெரிய ஊரில் படித்த அலங்கார யோசனைகளை ஓரமாக வையுங்கள். குற்றாலத்துக்கு வருகிறவர் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, ஈரத் துணியோடு வீட்டுக்குள் நுழைவார். இந்த ஒரு வரியிலிருந்து வீட்டின் பாதி அமைப்பு வந்துவிடும். தரைக்கு வழுக்காத டைல். வாசலருகே கால் கழுவக் குழாய். மெத்தைக்கு ரெக்சின் உறை, அதன் மேல் அடர் நிறப் படுக்கை விரிப்பு. வெள்ளை விரிப்பு ஒரு சீசன் தாங்காது. குளியலறைச் சாக்கடையில் எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்து அடைக்கும், எனவே திறந்து சுத்தம் செய்கிற மாதிரி மூடி வையுங்கள்.

சாரலில் துணி காயாது. ஒரு கட்டிலுக்கு மூன்று செட் விரிப்பாவது இல்லாவிட்டால், சனிக்கிழமை கிளம்பியவர்களின் விரிப்பு ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களுக்கு ஈரமாகக் கிடைக்கும். மூடிய வராந்தாவில் நல்ல காற்றாடியும் கொடியும் இருக்கட்டும்.

குரங்குக்கு ஜன்னல் கம்பி போதாது, வலையும் வேண்டும். மாடியில் தண்ணீர்த் தொட்டி மூடியைக் கட்டி வையுங்கள்.

ஏசி இல்லையே என்று சீசனில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சமையலறைதான் முக்கியம். பெரிய குடும்பமாக வருகிறவர்கள் அரிசி பருப்போடு வருவார்கள். பெரிய அடுப்பு, பதினைந்து பேருக்குச் சோறு வடிக்கிற பாத்திரம், மிக்ஸி இருந்தால் அடுத்த வருடமும் உங்களையே கூப்பிடுவார்கள். கூடுதல் பாய், தலையணையும் அப்படித்தான்.

பார்த்துக்கொள்ள ஆள்

எல்லாவற்றையும்விட இது முக்கியம். ஆள் கிடைத்த பிறகே வீடு வாங்குங்கள் என்றுகூடச் சொல்வேன். அதே தெருவில் இருக்கும் ஒரு குடும்பத்தைப் பிடிப்பது நல்லது: அண்ணாச்சி மோட்டார், பியூஸ், சாவியைப் பார்த்துக்கொள்வார், அக்கா துப்புரவையும் விரிப்பையும் பார்த்துக்கொள்வார்கள். மாதச் சம்பளம் குறைவாகத் தோன்றாதபடி கொடுங்கள். அதோடு ஒவ்வொரு புக்கிங்குக்கும் ஒரு தொகை. சம்பளம் மட்டும் என்றால் வீடு காலியாகக் கிடந்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை. புக்கிங்குக்கு மட்டும் காசு என்றால் கோடையில் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள்.

பணம் அவர்கள் கையில் வாங்கும்படி வைக்காதீர்கள், க்யூஆர் அட்டை உங்கள் கணக்குக்கு இருக்கட்டும். சந்தேகப்படுவதற்காக அல்ல. தினமும் கணக்குக் கேட்டால் நல்ல ஆளும் மனம் நொந்து போய்விடுவார்.

வாடகையும் விதிகளும்

முதல் சீசனில் பக்கத்து வீடுகளைவிடக் கொஞ்சம் குறைத்தே போடுங்கள். ஆப்பில் நாலு நல்ல வார்த்தை சேர்ந்த பிறகு ஏற்றலாம். சீசன் சனி ஞாயிறுக்கு ஒரு விலை, வார நாளுக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று என்று மூன்று விலை போதும். பொதிகை ரயிலில் காலையில் செங்கோட்டையில் இறங்கும் சென்னைக் குடும்பங்கள், ‘பகல் 12 மணிக்குத்தான் அறை’ என்றால் முகம் சுளிக்கும். வீடு காலியாக இருந்தால் காலையிலேயே திறந்துவிடுங்கள், காசு கேட்காமல்.

எத்தனை பேர் என்பதை எழுத்தில் வாங்குங்கள். எட்டுப் பேர் என்று சொல்லி வேனில் பதினாறு பேர் வந்து இறங்குவது இந்த ஊரில் நடக்கிற கதை. கூடுதல் ஆளுக்கு இவ்வளவு என்று முன்பே சொல்லிவிட்டால் வாசலில் சண்டை இல்லை. குடிப்பது, பாட்டு வைப்பது பற்றிய விதியையும் புக்கிங் அன்றே அனுப்புங்கள். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் வந்தால் போலீசுக்குப் போன் செய்வது பக்கத்து வீட்டுக்காரர். அவருடைய நம்பர் உங்களிடமும் உங்கள் நம்பர் அவரிடமும் இருக்கட்டும்.

கடைசியாக, குளிக்கத் தடை. மலையில் மழை கொட்டினால் மெயின் அருவி, ஐந்தருவி இரண்டையும் போலீசார் மூடிவிடுவார்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவன் இறந்த பிறகு கெடுபிடி கூடியிருக்கிறது. தடை வந்த அன்று முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு மூன்று போனாவது வரும். இதற்கு ஒரு விதியை முதலிலேயே முடிவு செய்யுங்கள். பணத்தைத் திருப்பித் தராமல், ஆறு மாதத்துக்குள் வேறு தேதி எடுத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். மாற்றுத் தேதியைச் சீசன் இல்லாத மாதமாகப் பார்த்து நீங்களே சொன்னால், அந்த மாதத்திலும் வீடு ஒரு நாள் திறக்கும்.